மகள் நின்ற தேர்தல்

மெர்விக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற, வடக்கே குளிர் தேசத்துத் தாம்பெரே ஊரில், அவள் டிரைவருக்கு முதுகுவலி மருந்து சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். இப்படிப்பட்டவளுக்கு ஹில்லா என்று ஒரு மகள். கடையில் போட்டுப் பார்த்த செருப்பு கடித்தாலும், வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடும் பெண். அவள் வயிற்றில் பிறந்து அவள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கிருந்து வந்ததோ இந்தக் கூச்சம்.

மெர்வி இருபது வயதில் ஹெர்வந்தா வளாகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தவள்தான். முதல் வருஷமே ஹில்லா வயிற்றில் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டாள். ஹில்லாவின் அப்பா நார்வேக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். மெர்வி பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உருளைக்கிழங்கு வேகவைத்துப் போட்டே தன் பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளையும் அதே ஹெர்வந்தாவில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கப் போய், விடுதியில் தங்கிக்கொண்டது. மாணவர்கள் போடுகிற ஓவராலை மாட்டிக்கொண்டு, அதில் விருந்துக்கு ஒன்றாக ஒட்டுத்துணி தைத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்தபோது மெர்விக்குத் தான் பாதியில் விட்ட படிப்பு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதினாள். நாற்பத்து மூன்று வயதில் இடம் கிடைத்தது. அதே வளாகம், அதே துறை. வேறு துறையே இல்லையா உலகத்தில்? இந்தக் கேள்வியை இன்றைக்கும் அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

ஹில்லா கோபப்படவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நல்லாப் படிம்மா. ஆனா எங்க மாணவர் சங்க அறைக்கு மட்டும் வந்துடாத. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு இடந்தான்."

மெர்வி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் முதல் பனி விழும்வரைக்கும் தாங்கியது. சேர்ந்து பாடம் செய்கிற பையன்கள், "வாங்க, காப்பி குடிச்சிட்டே முடிச்சிடலாம்" என்று சங்க அறைக்கு இழுத்துப் போனார்கள். ஒரு தடவைதானே என்று போனாள். போன இடத்தில் காப்பி மெஷினைப் பார்த்தாள். உள்ளே கறை பிடித்துக் கிடந்தது. சமையற்காரியின் கை சும்மா இருக்குமா? வினிகர் ஊற்றித் தேய்த்துவிட்டாள். மறுநாள் அந்தக் காப்பிக்குத் தொட்டுக்கொள்ள என்று பட்டைத்தூள் தூவிய பன் சுட்டுக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரம் பையன்களின் ஓவராலுக்கு ஒட்டுத்துணி தைத்துக் கொடுத்தாள். குளிர்காலம் இறங்குவதற்குள், மெர்வி வராத நாளில் அறையே வெறிச்சென்றிருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அறை சோபாவின் ஒரு மூலையில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து, இப்போதுதான் நாலு பேரோடு பேசப் பழகியிருந்தாள் ஹில்லா. அம்மா வந்த பிறகு அவள் 'மெர்வியோட பொண்ணு' ஆகிப்போனாள். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற பெண்ணா அவள்? அது மெர்விக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், கேட்கவில்லையே, அப்படியானால் பரவாயில்லை போலிருக்கிறது என்று தனக்கு வசதியாக நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில் சங்கத் தேர்தல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தாயும் மகளும் சேர்ந்து மெர்வியின் அடுக்குமாடிக் கட்டிடத்துச் சவுனாவில், கல்லைச் சூடாக்கி நீராவி எழுப்பும் குளியலறையில், உட்காருவது வழக்கம். அந்த வெக்கையில் ஹில்லாவின் கூச்சம் கொஞ்சம் வியர்வையோடு போகும். அங்கேதான் சொன்னாள், விருந்துப் பொறுப்புக்கு நிற்கப் போகிறேன் என்று. மெர்விக்குக் காதையே நம்ப முடியவில்லை. சூடான கல்லில் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு, பேசிக் காட்டு பார்க்கலாம் என்றாள். ஹில்லா பேசிக் காட்டினாள். இந்த இடத்தில் நிறுத்து, இந்த இடத்தில் சிரி என்று மெர்வி திருத்திக் கொடுத்தாள். அந்தப் பொறுப்பு மகளுக்கு எவ்வளவு பெரிசு என்று மெர்வியைவிடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

கூட்டத்தன்று அந்தப் பொறுப்புக்கு ஹில்லாவின் பெயர் மட்டும்தான் வந்தது. குரல் நடுங்க நடுங்கப் பேசினாள். ஆனாலும் முழுசாகப் பேசி முடித்தாள். பின்வரிசையில் மெர்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது வைனோ என்ற பையன், எப்போதும் பன்னில் பெரியதாகப் பார்த்து எடுக்கிறவன், எழுந்து நின்று மெர்வியின் பெயரை முன்மொழிந்தான். பாவி, அவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. பிள்ளைகள் மேசையைத் தட்டித் தீர்த்தார்கள். சங்கத் தலைவி முறைப்படி கேட்டாள்.

"மெர்வி, சம்மதமா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? ஹில்லா திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை. அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நம்பிக்கொண்டு பார்த்தாள். மெர்வியின் காதில் மேசைச் சத்தம்தான் விழுந்தது. இருபது வயதில் இதே வளாகத்தை விட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஏன் போகிறாய் என்று கேட்கக்கூட ஒரு ஆள் இல்லை. இப்போது இத்தனை பேர் வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை அவள் வாயை முந்திக்கொண்டது.

"சம்மதம்" என்றாள்.

பேசவும் பேசினாள். "பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு வேணாம், கேரட் வேணாம்னு அழுத உங்களுக்கெல்லாம் சோறு போட்டவ நான். இப்ப மட்டும் என்ன மாறிடப் போறீங்க" என்றதற்கு அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

இருவர் போட்டியிட்டால் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் உள்ளே பேசுவார்கள். தாயும் மகளும் நடைவழியில், ஈரக் கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்றார்கள்.

"அம்மா, இப்பவும் உள்ள போயி வேணாம்னு சொல்லலாம்" என்றாள் ஹில்லா.

"அப்படிச் சொன்னா உனக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்டி. நீயா ஜெயிச்சு வரணும். அவங்களே முடிவு பண்ணட்டும்."

"விட்டுக்கொடுத்தா என்னம்மா? எனக்குப் பரவாயில்ல."

எவ்வளவு நியாயமான கேள்வி. மெர்வி அவள் தோளைத் தட்டி, "பயப்படாத, நீதான் வருவ" என்றாள். நம்பிச் சொன்னாளா என்றால் இல்லை. மூடிய கதவுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, அது தனக்கான சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஓட்டு எப்படி விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? ஜெயித்த அம்மாவுக்கு முதலில் கை கொடுத்தவள் ஹில்லாதான்.

மறுநாளே மெர்வி மகளுக்குப் போன் போட்டு, பதவியை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். "இப்ப விட்டா பிச்சை போட்ட மாதிரி. நீயே வச்சுக்கோ" என்று ஹில்லா போனை வைத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று அவள் சவுனாவுக்கு வரவில்லை. அடுத்த வாரம் ஜலதோஷம். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். மெர்வி சவுனாவில் தனியாக உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் ஊற்றவும் மனமில்லாமல் எழுந்து வருவாள்.

வேலையில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை. வசந்தத்தில் நடந்த, மேசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே சாப்பிடுகிற பாட்டு விருந்தில் அவள் வைத்த சால்மன் மீன் சூப்பை வழித்து நக்காத குறையாகச் சாப்பிட்டார்கள். ஹில்லாவும் ஒரு தோழி இழுத்து வந்ததால் மேசைக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். விருந்து முடிவில் சமைத்தவர்களை வெளியே அழைத்துப் பாடுவது வழக்கம். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று, "அம்மா, அம்மா" என்று மேசை அதிரக் கூப்பிட்டார்கள். மெர்வி ஏப்ரனோடு வந்து நின்றாள். அவள் கண் மேசைக் கடைசியிலேயே இருந்தது. ஹில்லாவும் மற்றவர்களோடு எழுந்து நின்று கை தட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

பிறகு ஹில்லா சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மெர்வி அவசரமாகக் கையைத் துடைத்தாள். எத்தனையோ நாளாக ஒரு மன்னிப்பைச் சொல்ல வைத்திருந்தாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"சாப்ட்டியாடி? ஞாயித்துக்கிழமை வர்றியா?"

ஹில்லா தட்டுகளைத் தொட்டியில் சத்தமில்லாமல் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. யாரோ ஒருவருக்கு நன்றி சொல்லும்போது வருகிற மரியாதைதான் இருந்தது.

"சூப் ரொம்ப நல்லா இருந்துச்சு, மெர்வி" என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.