பேசியவர் பெயர்

“சத்தம்! டேய், சத்தம்! கும்பிட்டுக் கேக்கறேன், வாயை மூடுங்கடா!”

நல்லையா இரண்டு கைகளாலும் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினான். கொக்கி மாட்டவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் முப்பத்தாறு பிள்ளைகள் மீன் மார்க்கெட் மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான். இரண்டு பேர் சிலேட்டுக்குச் சண்டை. யாரோ ஒரு குட்டிப் பெண் பசிக்கிறது என்று அழுதாள்.

வெளியே செம்மண் பாதையில்... டக்... டக்... டக்...

பூட்ஸ்.

மணி சரியாக மூன்று ஒன்பது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நல்லையா தன் ஆயுளில் இதை மூன்றே பேரிடம்தான் சொன்னான். மூன்று பேரிடமும் ஒரே மாதிரி சொன்னான், மணி நிமிஷம் உட்பட. கதை கட்டுகிறவனுக்கு அது முடியாத காரியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஆகஸ்ட் மாதம். மலாக்கா காஜா பெராங்கில், அத்தாப்பு ஓலைக் கூரையும் மண் தரையுமாக ஒற்றை அறைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. நல்லையா மூவாரிலிருந்து வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பளத்தோடு கொஞ்சம் ரேஷன் அரிசி கிடைக்கும். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலத்தில் அது பெரிய விஷயம். வீட்டில் மனைவி சாரதாம்பாள் ஏழு மாதக் கர்ப்பிணி.

எல்லாம் சரி. பள்ளிக்கூடத்தை ஒட்டிய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து குடியேறினான். அங்கேதான் வினை. இரவெல்லாம் அவனுக்கு டியூட்டி. பகலில் தூக்கம். நடுவில் இருந்தது ஒரு செம்பருத்தி வேலி மட்டும். போன வாரம் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவன், பிள்ளைகள் பார்க்க நல்லையாவின் கன்னத்தில் நாலு அறை விட்டான். கூடவே வந்தவர் ஷம்சுதீன். பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணி இல்லாமல் போகவே துரைக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு வந்துவிட்டவர்.

“வாத்தியாரே, துரை சொல்றதை அப்படியே சொல்றேன். இன்னொரு வாட்டி தூக்கம் கலைஞ்சா உங்க பேரு சயாம் லிஸ்ட்ல ஏறிடும். அங்க ரயில் பாதை போடறாங்க. சத்தம் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாமாம்.”

“பாய், சின்னப் பசங்க பாய். பசியில கத்துதுங்க. நான் என்ன செய்யட்டும்?”

“நான் என்னத்தைக் கண்டேன்? ஜவுளியைப் பத்திக் கேட்டா சொல்லுவேன்.”

சயாம் ரயிலுக்கு லாரி ஏறியவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அந்த லிஸ்ட்டுக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் எல்லாம் ரப்பர் காட்டில் ஒளிந்து கிடந்தார்கள். ஒரே ஒருவர்தான் தானாகப் போய்ப் பேர் கொடுத்தவர். நல்லையாவுக்கு முன்னால் அதே பள்ளிக்கூடத்தில் இருந்த சேதுராமன் வாத்தியார். ஒரு நாள் காலையில் துணி மூட்டையோடு போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

டக்... டக்...

பூட்ஸ் வேலியைத் தாண்டிவிட்டது. நல்லையா ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். பிரம்பை எடுக்கலாம் என்றால், அடி வாங்கியவன் இன்னும் உரக்க அழுவான். ‘முடிந்தது. சாரதா, முடிந்தது...’

மூன்று பத்து.

சத்தம் நின்றது.

தணியவில்லை. அறுத்த மாதிரி நின்றது.

பூட்ஸும் நின்றது. பத்து எண்ணும் நேரம். பிறகு... டக்... டக்... திரும்பிப் போனது.

நல்லையா மெல்லத் திரும்பினான். முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் கரும்பலகை மேல். பலகைக்கு முன்னால், இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஒற்றைப் பின்னல். எட்டு வயசு இருக்கும். எழுதிக்கொண்டிருந்தாள்.

‘பேசியவர்.’ அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு பெயர்.

‘அஞ்சலை.’

நல்லையாவுக்கு உயிர் வந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற வழக்கம்தானே இது! வாத்தியார் அந்தண்டை போனால் சட்டாம்பிள்ளை எழுந்து, பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதும். பேர் ஏறினால் பிரம்படி. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டாம்பிள்ளை இருக்கிறாள் என்பது இரண்டு மாதமாகத் தெரியாமல் போயிற்றே! அதுவரை இரண்டு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டுவிடும்; நாலு மணி வரை வைக்கச் சொல்லி உத்தரவு வந்ததே இந்த வாரம்தான். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடத் திரும்பினான். அதற்குள் அவள் தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

சாயந்திரம் பலகையைத் துடைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. காய்ந்த மரவள்ளித் துண்டால்தான் அவன் எழுதுவான். அது மங்கலாகத்தான் விழும். இந்த எழுத்தோ பளிச்சென்று வெள்ளை.

துடைத்த துணியைப் பார்த்தான். அதில் வெள்ளை இல்லை.

ஈரச் செம்மண்.

மறுநாளும் மூன்று பத்துக்கு வகுப்பு அடங்கியது. அதற்கு மறுநாளும். இவன் சிலேட்டுத் திருத்தக் குனிந்திருப்பான். நிமிர்ந்தால் எழுத்து இருக்கும். தினமும் அதே தலைப்பு. அதே ஒரே பெயர். வருகைப் பதிவேட்டை மூன்று தடவை புரட்டினான். முப்பத்தாறு பேர். அஞ்சலை என்று ஒருத்தியும் இல்லை.

முன் பெஞ்சில் தியாகு என்று ஒரு வாயாடி. அவனைத்தான் கேட்டான்.

“டேய், யாருடா அஞ்சலை?”

“தெர்ல சார்.”

“எழுதுறது யாரு?”

“அந்த அக்கா சார்.”

“எந்த அக்கா?”

தியாகு கடைசி பெஞ்சைக் கண்ணால் காட்டினான். பிறகு இந்தப் பக்கம் குனிந்து, “அது பேசவே பேசாது சார். பாவம்” என்றான்.

கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. வெறும் பெஞ்சு. அதன் கீழே தரை மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது.

தலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நல்லையாவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் எண்ணவில்லை. அவள் யாராக இருந்தால் என்ன? மூன்று பத்துக்குச் சத்தம் நிற்கிறது. பங்களாக்காரன் தூங்குகிறான். சாரதாம்பாளுக்கு அரிசி கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் மூட முடியவில்லை.

மூன்று பத்து ஆவதற்கு முன்பே பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். இமைத்தான். அவ்வளவுதான். அவள் நின்றாள். எழுதி முடித்தாள். மெல்லத் திரும்பினாள்.

வாயைப் பொத்தியிருந்தாள்.

மற்றப் பிள்ளைகளைப் போலத்தானே என்று முதலில் நினைத்தான்.

பிறகு பார்த்தான். வலது கையில் வெண்கட்டி. இடது கை பாவாடை ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கையும் கீழே.

அப்படியானால்... வாயில் இருப்பது?

அது பெரிய கை. முடி அடர்ந்த, ஆண்பிள்ளைக் கை. மூக்கையும் சேர்த்து அழுத்தியிருந்தது. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

அவளுடைய கண்கள் மட்டும் நல்லையாவைப் பார்த்தன.

மறுநாள் காய்ச்சல் என்று படுத்தான். அதற்கு மறுநாள் ஷம்சுதீன் வாசலில் வந்து நின்றார். “வாத்தியாரே, பள்ளிக்கூடம் வராதவங்களைத்தான் முதல்ல சயாமுக்கு அனுப்புறாங்களாம்.” எழுந்து போனான்.

அன்று தியாகுவுக்கு இருமல். வாயாடியின் வாயிலிருந்து பேச்சே வரவில்லை, இருமல்தான். மதியத்திலிருந்து இருமிக்கொண்டே இருந்தான். தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. நெஞ்சு கிழிகிற மாதிரி... லொக்... லொக்... லொக்...

மூன்று ஏழு. பங்களாக் கதவு படார் என்று திறந்தது.

மூன்று எட்டு. டக்... டக்... டக்... இந்தத் தடவை வேகமாக.

பிள்ளைகள் தாங்களாகவே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தியாகுவால் முடியவில்லை.

பூட்ஸ் கதவுக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே வரவில்லை. காது கொடுத்துக் கேட்கிறான். கதவிடுக்கில் நிழல்.

தியாகுவின் நெஞ்சு மறுபடி விம்மியது.

நல்லையா பாய்ந்தான். பையனை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினான்.

இறுக்கினான்.

நிழல் நகரவில்லை.

இன்னும் இறுக்கினான். சின்ன மூக்கும் அவன் கைக்குள் போயிற்று. தியாகுவின் கால்கள் உதைத்தன. மூன்று தடவை... இரண்டு தடவை... பிறகு ஒரு தடவை...

‘இன்னும் கொஞ்சம். போய்விடுவான். இன்னும் ஒரே நிமிஷம்...’

பையனின் கண் மேலே செருகியது. அது நல்லையாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

மூன்று பத்து.

அவன் கை மேல் ஏதோ பட்டது.

சில்லென்று. ஈரமாக.

சின்ன விரல்கள். மண் ஒட்டிய விரல்கள். அவனுடைய சுண்டு விரலைப் பிடித்து... நெம்பின.

அடுத்த விரல்.

அடுத்தது.

அவன் பலம் அத்தனையும் அந்தச் சின்ன விரல்களுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

கை விடுபட்டது. தியாகு மூச்சை இழுத்தான். இருமவில்லை.

இருமல் வேறு இடத்திலிருந்து வந்தது.

கடைசி பெஞ்சு.

லொக்...

லொக்... லொக்...

கதவை உதைத்துக்கொண்டு அதிகாரி உள்ளே வந்தான். பின்னால் ஷம்சுதீன். நல்லையாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருமல் வந்த இடத்துக்கு நேராக நடந்தான். கடைசி பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றான்.

நின்றவன் அப்படியே நின்றான்.

நல்லையாவின் கண்ணுக்கு அங்கே வெறும் பெஞ்சுதான் தெரிந்தது.

அதிகாரி ஓரடி பின்வாங்கினான். தொப்பியைக் கழற்றினான். அந்த வெறும் பெஞ்சைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினான். நிமிர்ந்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டான்.

ஷம்சுதீன் பெஞ்சையும் நல்லையாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாத்தியாரே... துரை கேக்கறாரு...”

“என்ன பாய்?”

“இங்க உக்காந்திருக்கற பொண்ணு வாயை... யாரு பொத்திக்கிட்டு இருக்கறதுன்னு.”

பதிலுக்கு அதிகாரி காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் பங்களா காலியாகிவிட்டது. நல்லையாவின் பெயர் எந்த லிஸ்ட்டிலும் ஏறவில்லை. சாரதாம்பாளுக்குப் பெண் பிறந்தது. தியாகுவும் பிழைத்தான். வகுப்பை வெளியே பலா மரத்தடிக்கு மாற்றினான் நல்லையா. கத்துங்கடா, எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள் என்று விட்டுவிட்டான். ஆனால் காலையில் அறையைத் திறந்தால், அந்த ஒரே பெயர் பலகையில் இருந்தது. தினமும்.

நாற்பத்தைந்து நவம்பர். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். துக்காங் எமாஸ் சாலையில் பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு காப்பிக் கடை. நல்லையாவுக்கு எதிரே ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். எலும்புக்கூட்டுக்குச் சட்டை மாட்டிய மாதிரி. காலெல்லாம் புண். சயாமிலிருந்து திரும்பியவர் என்று சொல்லாமலே தெரிந்தது.

“காஜா பெராங் பள்ளிக்கூடத்துல இப்ப நீங்கதானே வாத்தியார்? நான் சேதுராமன். உங்களுக்கு முன்னால இருந்தவன்.”

அவர் காப்பிக் குவளையை எடுத்தார். நல்லையா அந்தக் கையைப் பார்த்தான்.

ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

நல்லையா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “சார்... கடைசி பெஞ்சு...” என்றான்.

சேதுராமன் குவளையைக் கீழே வைத்தார். ஆச்சரியப்படவில்லை.

“இன்னும் வர்றாளா?”

“தினமும் பேர் இருக்கு. ஜப்பான் காலத்துல மூணு பத்துக்கு வருவா.”

“அது ஜப்பான்காரன் ஒன்றரை மணி தள்ளி வெச்ச கணக்கு தம்பி. அவளுக்கு அது தெரியாது. ஒண்ணு நாப்பது. நாப்பத்திரண்டு ஜனவரி, அவனுங்க ஊருக்குள்ள நுழைஞ்ச வாரம். பதினொரு பிள்ளைங்களோட அந்த ரூம்ல ஒளிஞ்சிருந்தேன். வெளியே சிப்பாய்ங்க வீடு வீடாத் தேடிக்கிட்டு வர்றானுங்க. என் சட்டாம்பிள்ளைக்கு அன்னைக்கு இருமல்...”

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

“அவனுங்க போனதும் கையை எடுத்தேன். மத்த பத்து பேரும் பிழைச்சாங்க. சிப்பாய் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்னு அவ அப்பன்கிட்ட சொன்னேன். மண் தரைதானே. கடைசி பெஞ்சை இழுத்து மேல போட்டேன். பள்ளிக்கூடம் மறுபடி தொறந்த அன்னைக்கே வந்துட்டா. ஒரு வருஷம் பார்த்தேன். அதுக்கு மேல... சயாம் தேவலைன்னு போயிட்டேன்.”

“அவ பேரு?”

“அஞ்சலை.”

நல்லையா பாதி எழுந்துவிட்டான்.

“அஞ்சலையா? பலகையில எழுதறதே அந்தப் பேரைத்தானே! அவ பேரை அவளே ஏன் எழுதறா?”

சேதுராமன் பாதி விரலால் மேசையில் கோடு இழுத்தார். ஒரு தலைப்புக்கு அடியில் போடுகிற மாதிரி.

“நான்தான் சொல்லிக்கொடுத்தேன் தம்பி. சட்டாம்பிள்ளைன்னா நியாயமா இருக்கணும், நீயே சத்தம் போட்டாலும் உன் பேரையும் எழுதிடணும்னு.”

கோட்டுக்குக் கீழே அவர் விரல் நின்றது.

“அன்னைக்கு இருமினது அவதானே.”