முக்கால் லிட்டர்

என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய கணக்குப் புத்தகத்தில் தண்ணீர் வராத பக்கமே இல்லை என்று எனக்குத் தோன்றும். ஒரு தொட்டியில் இத்தனை லிட்டர் இருந்தது, இத்தனை லிட்டர் செலவானது, மீதி எவ்வளவு. ஒரு குடத்தில் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் என்றால் நாலு குடத்தில் எவ்வளவு பிடிக்கும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே கணக்குப் போடுவாள். பக்கத்துக் கட்டிலில் என் மனைவி படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"உங்க பள்ளிக்கூடத்துல வேற கணக்கே குடுக்க மாட்டாங்களா கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அன்றிலிருந்து மகள் வாய்க்குள்ளேயே படிக்கிறாள்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய்விட்டன. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஆட்டையாம்பட்டி வழியாக பஸ் பிடித்துச் சேலம் போகிறோம். அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். நான்கு மணி நேரம் ஆகும். அவள் உடம்பிலிருந்து சிறுநீர் இறங்குவதில்லை. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், அடுத்த முறை மிஷின் இழுக்கும்வரை உள்ளேயே நிற்கும். அதனால் தண்ணீருக்கு அளவு உண்டு.

அந்த அளவை முதல் நாளே நர்ஸ் சொன்னார். ஒரு நாளைக்கு எழுநூற்று ஐம்பது மில்லி. நான் தலையாட்டினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். வேலை செய்வது கோழிப்பண்ணையில். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை என்பதால் முப்பதாம் வாய்ப்பாடு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எழுநூற்று ஐம்பது மில்லி என்றால் கண்ணுக்குள் ஒன்றும் வரவில்லை. அது ஒரு சொம்பா, அரைச் சொம்பா என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதும் வராது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கால் லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து, பெரிய பாட்டிலில் மூன்று முறை ஊற்றினாள். தண்ணீர் நின்ற இடத்தில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டாள். "முக்கா லிட்டர் அப்பா. அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானா என்று என் மனைவி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கோட்டை நாங்கள் முதலில் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் கூடினால் என்ன என்றுதான் இருந்தோம். போன தைப் பொங்கல் நோம்பிக்கு அவளுடைய அண்ணன் ஊருக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடிக்காமல் வந்தால் மனத்தாங்கலாகிவிடும். உடம்பு சரியில்லாதவள் வந்திருக்கிறாள் என்று மூன்று வீட்டில் கூப்பிட்டார்கள். மூன்று வீட்டிலும் அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஒரு வீட்டில் இளநீரும் வெட்டினார்கள். மறுநாள் விடிகாலையில் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்த்தாலும் முடியவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்து வாயால் மூச்சை இழுத்தாள். இருமினால் நுரை வந்தது. மகள் விசிறிக்கொண்டே நின்றாள். ஆம்புலன்ஸ் சேலம் போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது.

நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை பிழைத்துவிட்டாள், இன்னொரு முறை இப்படி ஆனால் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும் என்றும் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். இளநீர் இந்த வியாதிக்கு விஷம் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பாட்டில்தான் வீட்டில் எல்லாம். காலையில் மகள் கோடுவரை நிரப்பி அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மாத்திரைக்கும் அதிலிருந்துதான், தொண்டை நனைக்கவும் அதிலிருந்துதான். என் மனைவிக்கு அண்ணாந்து குடித்துத்தான் பழக்கம். அண்ணாந்தால் ஒரே மடக்கில் அரை டம்ளர் போய்விடும். வாய் வைத்துச் சப்பிக் குடிக்கப் பழக அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. எச்சில் டம்ளர் என்று அதைத் தனியே கவிழ்த்து வைப்பாள். யாரையும் தொட விடமாட்டாள்.

மாசி பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை நர்ஸ் உள்ளே கூப்பிட்டார். மிஷினில் ஏறுவதற்கு முன் எடை பார்ப்பார்கள். ஒரு முறைக்கும் மறு முறைக்கும் நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. அவளுக்கு நாலு கிலோ ஏறியிருந்தது. போன தடவையும் அப்படித்தானாம்.

"வீட்டுல யாருங்க தண்ணி குடுக்கறது?" என்று கேட்டார் நர்ஸ்.

"பாட்டில்லதாங்க குடிக்கறா" என்றேன்.

"பாட்டில்ல குடிச்சா நாலு கிலோ எப்படிங்க ஏறும்? ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. நீங்க பாக்காத நேரத்துல குடிக்கறாங்க. இவ்வளவையும் ஒரே தடவையில இழுத்தா ஹார்ட் தாங்காது. விட்டுவெச்சா நெஞ்சுல ஏறும். நான் எதைச் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மிஷினில் அவளுக்குக் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பஸ்ஸில் வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.  வீரபாண்டி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன்.  இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், சமையல்கட்டில் இருக்கும் நீல டிரம்மின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, வந்து பார்த்து இன்னொரு கோடு. சமைக்க எடுத்த சொம்புகளைக் கழித்துவிட்டு மீதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். அதற்குமேல் குறையவே இல்லை.

என் மனைவியும் அந்தக் கோடுகளைப் பார்த்திருந்தாள். "உங்க மவ பெரிய போலீசாத்தான் வருவா" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று முழுவதும் மகளிடம் பேசவில்லை.

தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று தெரியாமல் இன்னும் இரண்டு மூன்று வாரம் போனது. ஒவ்வொரு முறையும் நாலு கிலோ, மூன்றே முக்கால் கிலோ. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுத்தாள், பிறகு மூன்று. தலையணை கூடக் கூட எனக்குத் தை மாதத்து விடிகாலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் முழுப் பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிலோ அரிசி சமைக்க இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும், சத்துணவுக்கூடத்தில் எட்டுக் கிலோ அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும். இருபது லிட்டர் என்று போட்டுவிட்டாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டே, "சோறு ஆனதுக்கப்புறம் அந்தத் தண்ணி எங்கப்பா போவுது?" என்று கேட்டாள்.

"கஞ்சி வடிச்சது போக மிச்சமெல்லாம் சோத்துக்குள்ளதான் சாமி இருக்கும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பண்ணைக்கு மக்காச்சோளம் வரும்போது சூபர்வைசர் ஒரு பிடி எடுத்துச் சின்ன மிஷினில் போட்டு ஈரம் பார்ப்பார். ஈரம் கூட இருந்தால் லாரி எடையில் அதைக் கழித்துவிடுவார். கையால் தொட்டால் சோளம் காய்ந்துதான் இருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு. மூன்று பேருக்கும் அதுதான். என் மனைவி மத்தியானமும் அதையே கரைத்துக் குடிப்பாள். சுடுசோறு இறங்கவில்லை என்பாள். முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, பிசைந்து, மோர் விட்டு, ஒரு கும்பா நிறைய. அதை நாங்கள் தண்ணீர் என்று நினைத்ததே இல்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் சொம்பில் இருப்பது. மோர் மோர்தான், ரசம் ரசம்தான், பழைய சோறு சோறுதான். நர்ஸ் முதல் நாள் குழம்பு, மோர் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு என்று சொல்லியிருப்பார். எங்கள் காதில் தண்ணீர் என்ற ஒரு சொல்தான் ஏறியது.

அவளுடைய கும்பாவை எடுத்து வந்தேன். அன்றைக்கு மத்தியானத்துக்குக் கரைத்து மூடி வைத்திருந்தாள். மகள் வடிகட்டியைப் பிடிக்க, நான் சோற்றைப் பிழிந்தேன். கீழே இறங்கிய நீரைப் பாட்டிலில் ஊற்றினோம். நகப்பாலிஷ் கோட்டில் பாதியைத் தாண்டி நின்றது. மகள் கால் லிட்டர் பாட்டிலில் மறுபடி ஊற்றிப் பார்த்து, "நானூறு மில்லிக்குக் குறையாதுப்பா. ரெண்டு வேளைக்கு எண்ணூறு" என்றாள். விரல் விட்டு மூன்று நாளுக்குப் பெருக்கினாள். அதிகமாக ஏறிய இரண்டு கிலோவும் அங்கே இருந்தது.

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லத் திரும்பினேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அதுவும் தண்ணிதான்னு தெரியும். நாந்தான அதைக் கரைக்கறேன், எனக்குத் தெரியாதாங்க? சோறுங்கறதால நீங்களும் கேக்கல, நர்சம்மாளும் கேக்கல. நானும் சொல்லல."

"சிஸ்டர் என்னம்மா சொன்னாங்க? நெஞ்சுல ஏறிரும்னு சொன்னாங்கல்ல?" என்றாள் மகள். அவள் குரல் உடைந்துவிட்டது.

"சொன்னாங்க கண்ணு. மத்தியானம் ஆனா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. பிரிச்சு எடுக்க வேண்டியிருக்குது. அந்த நேரத்துக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பிழிந்த சோறு வடிகட்டியில் கட்டியாக இருந்தது.  அதைப் பார்த்துக்கொண்டே என் மனைவி, "காலைல ஒரு கும்பா குடிச்சா மிச்சம் எவ்வளவு வரும், கழிச்சுச் சொல்லு" என்று மகளிடம் கேட்டாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளில் கழித்தாள். முந்நூற்று ஐம்பது. ஒன்றே முக்கால் டம்ளர். அதற்குள்தான் மாத்திரை, ரசம், ராத்திரிவரை எல்லாம். பழைய சோற்றை விட்டுவிடலாமே, பாட்டில் முழுசாகக் கிடைக்குமே என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றாள். காலையில் வயிறு குளிரக் குடித்தேன் என்று ஒரு நினைப்பு இருந்தால்தான் மற்ற நேரத்தைத் தள்ள முடியும் என்றாள். மத்தியானக் கும்பாவை அவளே கழுவிக் கவிழ்த்தாள்.

அந்த வார வியாழக்கிழமை இரண்டே கால் கிலோ. அதற்கடுத்த திங்கட்கிழமை இரண்டு. நர்ஸ் சந்தோஷப்பட்டார். இப்படியே இருங்க என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். நெஞ்சில் ஏறும் என்ற பயம் இனி இல்லையா என்று கேட்க நினைத்து நின்றேன். அவரே, "ஒரு நாளும் விட்றக்கூடாதுங்க" என்றார். என் மனைவி, "எத்தனை நாளைக்குங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். நர்ஸ் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 

இப்போது ஒற்றைத் தலையணையில் படுக்கிறாள். மூச்சு வாங்குவதில்லை. ஆனால் சித்திரை வந்துவிட்டது. மத்தியானத்தில் தகரக் கூரை காய்ந்து வீட்டுக்குள் நிற்க முடியாது. பதினோரு மணிக்கே பாட்டிலில் கோடு மட்டும்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது. உதடு வெடித்து ரத்தம் கசியும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, நனைத்த துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நானும் மகளும் அவள் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். நான் பண்ணையிலேயே குடித்துவிட்டு வருவேன். லீவு விட்டதால் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் கொல்லைக்குப் போய்க் குழாயடியில் குனிந்து குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

போன வாரம் பண்ணையிலிருந்து மத்தியானம் வந்தேன். சைக்கிளை நிறுத்தியதும் தலை சுற்றியது. நேராகக் கொல்லைப் பக்கம் திரும்பினேன். உள்ளே இருந்து, "ஏனுங்க" என்று கூப்பிட்டாள்.

போனேன்.

"எங்க போறீங்க, தண்ணிக்கா?"

"இல்ல, சும்மா" என்றேன்.

"இங்கயே குடிங்க. என்ற முன்னாடி குடிங்க. தொண்டையில எறங்கற சத்தத்தையாவது கேக்கறேன்."

நான் நின்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். டிரம்மிலிருந்து சொம்பில் மொண்டு வந்தேன். அண்ணாந்து ஊற்றினேன். தாகம் அப்படி இருந்தும் முதல் வாய் இறங்கவில்லை, பிறகு இறங்கியது. மடக் மடக் என்று எனக்கே கேட்டது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கும்போதெல்லாம் அவளுடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

சொம்பைக் கீழே வைத்தேன். பாதிதான் குடித்திருந்தேன்.

"மீதியையும் குடிங்க" என்றாள்.