அலிஃப் போட்ட படங்கள்

சாபிரா 1957 ஜூலையில் இறந்தாள். அவள் வாழ்க்கையில் எழுதிவைக்க எதுவும் இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

ராயபுரத்தில் பத்தடிக்கு எட்டடி அறை. அதில் பாதி சாக்குகளுக்கு. துறைமுகக் கிடங்கிலிருந்து கிழிந்து வரும் சாக்குகளைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. மீதிப் பாதியில் அவளும் கணவன் சௌக்கத் அலியும், மகன் கலீலுல்லாவும், மகள் சபீஹாவும். இடமில்லாததால் பிள்ளைகளின் காகிதங்களை அவள் சேரவிடுவதில்லை. அரபி எழுத்துள்ள தாள்கள் மட்டும் தகரப் பெட்டிக்குப் போகும். பெட்டி நிறைந்ததும் துணியில் கட்டிக் கடலில் விடவேண்டும். மற்றதெல்லாம் அடுப்புக்கு.

ஆறு வயதிலேயே சபீஹாவுக்கு இது பிடிபட்டுவிட்டது. வரைந்த படத்தின் பின்பக்கம், ஒற்றை நெட்டுக்கோடாக எழுதும் அரபியின் முதல் எழுத்தான அலிஃபைப் போட்டுவிடுவாள்.

“இன்னாடி இது?”

“காக்காம்மா.”

“காக்காவுக்கு நாலு காலா கீது?”

“ரெண்டு காக்கா. ஒண்ணு பின்னால நிக்குது. திருப்பிப் பாரு, அலிஃப் கீது. அடுப்புல போட்டியானா பாவம்.”

“ஓதறதுக்கு அனுப்பிச்சா இத்தத்தான் கத்துக்கினு வந்தியா, கய்தே!”

திட்டிக்கொண்டே பெட்டியில் வைப்பாள். சாபிராவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அலிஃப் தெரியும். சில தாள்களில் இருந்தது அவசரத்தில் இழுத்த வெறும் கோடு என்பதும் தெரியும். கேட்டதில்லை.

1949 மழைக்காலத்தில் சபீஹா காய்ச்சலில் கிடந்து ஐந்தாம் நாள் இறந்தாள். வயது ஒன்பது. சாபிரா பெட்டியின் மேல் சாக்குகளை அடுக்கினாள். இரண்டு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. தொட்டபோது, துருப்பிடித்த அடித்தகட்டின் வழியாகக் கரையான் ஏறியிருந்தது.

“அல்லா கலாம் எழுதின காயிதம்,” என்றான் சௌக்கத் அலி. “நம்ம வூட்ல கரையான் தின்னுகினு கீது. வெள்ளிக்கெயம ஜும்மா முடிஞ்சதும் கடல்ல உட்டுடலாம்.”

“அவ படமுங்க அது.”

“தெரியும்,” என்று சுவரைப் பார்த்தான்.

கலீலுல்லா அப்போது பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வரைபடம் போடப் பழகிக்கொண்டிருந்தான். வெட்டி எறியும், அடியிலிருக்கும் கோடு தெரியும் நகல்தாள் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். கரையான் தொடாத படங்கள் நாற்பத்தொன்று. மூன்று மாலைகளில் அத்தனையையும் நகலெடுத்து அம்மாவிடம் கொடுத்தான்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இத்த யார் போட்டது?”

“சபீஹா போட்டதும்மா. மேல வெச்சு அப்பிடியே எடுத்தேன்.”

“அவ கப்பலு சாஞ்சிகினு இருக்கும்டா. நீ நிமித்திட்டே.”

அவன் ஒப்பிட்டுப் பார்த்தான். உண்மைதான். தன்னையறியாமல் அளவுகோலை வைத்திருந்தான். கோணல் வட்டங்களெல்லாம் சரியான வட்டங்களாகியிருந்தன. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட அவள் கை வரைந்ததுபோல் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. அளவுகோலையும் கவராயத்தையும் வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தான். சாபிரா ஊசியை வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

“இங்க அவ கை நடுங்கியிருக்கு. நீயும் நடுங்கு.”

நேராக இழுக்கப் பழகிய கையை நடுங்கவைப்பது எளிதாக இல்லை. தொழுகை முடிந்து அப்பா வருவதற்குள் மூன்று படங்கள்தான் முடிந்தன.

சௌக்கத் அலி பெட்டியருகே குந்தினான். தாள்களைப் புரட்டி ஒரு சின்னக் கட்டைத் தனியே எடுத்து நீட்டினான்.

“இதுல இருக்கறது வெறும் கோடுதான். எனக்கு அப்பவே தெரியும். இத்தயாச்சும் நீ வெச்சிக்க.”

சாபிரா வாங்கினாள். வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு மற்றவற்றோடு சேர்த்து வெள்ளைத்துணியில் முடிந்தாள்.

“அலிஃப்னு சொல்லித்தானே எங்கிட்ட குடுத்தா.”

காசிமேட்டில் தெரிந்த மீனவர் ஒருவர் துணிமூட்டையை வாங்கிக்கொண்டு கட்டுமரத்தைத் தள்ளினார். மூவரும் கரையில் நின்றார்கள். அன்று அவள் தைக்க உட்காரவில்லை. மறுநாள் உட்கார்ந்தாள்.