தறி நின்ன பின்னாலும் நிக்காத சத்தம்

சபையில இருக்கற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பல்லடம் எஸ்தருங்க. எங்க ஊட்டோட ஒட்டுனாப்புல தறிக்கூடம். கல்யாணமான நாள்ல இருந்து அதுலதான் நிக்கறேன். போன வருசம் ஒருநாள் கரண்ட் போயி அத்தனை தறியும் நின்னுபோச்சு. என் காதுக்குள்ள மட்டும் 'கீ'ன்னு ஒண்ணு நிக்கவே இல்லீங்க. சாப்புடறப்பவும் அதேதான், படுத்தாலும் அதேதான். பாஸ்டர் மௌன ஜெபம்னு சொன்னா அது இன்னும் பெருசாக் கேக்கும்.

நான் பண்ணுன கூத்தக் கேளுங்க. தறி ஓடறப்ப காதுக்குள்ள கேக்கற அந்த இரைச்சல் தெரியாது. அட, இதுதான் மருந்துன்னு வேலையில்லாத நேரமும் தறிகிட்டயே போயி நின்னேன். கூடத்துல நாங்க ஜாடையிலதான் பேசிக்குவோம். அதனால என் காது மந்தமானது ஊட்டுக்காரருக்கும் தெரியல, எனக்கே தெரியல.

எனக்குக் குழந்தை இல்லீங்க. அம்மாவும் இல்லாததால தங்கச்சி ஜெனி பிரசவத்துக்கு எங்ககிட்ட வந்தா. பொட்டப்புள்ள பொறந்துச்சு. ஒரு மத்தியானம், "பாப்பாவப் பாத்துக்கக்கா"ன்னுட்டு குளிக்கப் போனா. நான் தொட்டிலுக்கு முதுகு காட்டி உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். திடீர்னு ஈரத்தலையோட ஓடியாந்து புள்ளைய வாரியெடுத்தா. கத்திக் கத்தி அது செவந்து கெடந்துச்சு. "அக்கா, நெசமாலுமே கேக்கலியா?"ன்னா. அதையும் அவ உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்பறம் குளிக்கப் போறப்பெல்லாம் புள்ளைய பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுப் போனா. குத்துக்கல்லாட்ட நான் இருக்கறப்பவே!

"அப்பா, ஆண்டவரே, இந்த இரைச்சல நிறுத்துங்க, இல்லீன்னா என்னைக் கூட்டிக்கோங்க"ன்னு அழுதேன். அப்பறம் வேண்டுதலை மாத்திக்கிட்டேன். அந்தப் புள்ள அழுகைய மட்டும் கேக்க வைங்க, போதும்.

அந்த ஞாயித்துக்கிழமை, யாருக்கு எதுக்காக ஜெபிக்கணும்னு பாஸ்டர் ஜெபக் குறிப்பு கேட்டப்ப, ஊட்டுக்காரர்கிட்டக்கூட சொல்லாதத எந்திரிச்சு சொல்லிப்போட்டேன். போத்தனூர் மேரி அக்கா ஓடியாந்து கையப் புடிச்சாங்க. "எங்க ஊட்டுக்காரருக்கும் இதேதான் கண்ணு. அவருக்குப் பாத்த டாக்டர்கிட்டயே போலாம் வா"ன்னு கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தறிச் சத்தத்துல கெட்ட காது, பழையபடி ஆகாதுன்னுட்டாரு டாக்டர். முன்னாடியே வந்திருந்தா இத்தனை கெட்டிருக்காதாம். மருந்துன்னு நெனச்சு நின்னேனே, அதுதாங்க என்னைக் கெடுத்துச்சு. காது கேக்கற மிஷின் மாட்டி உட்டாங்க.

அடுத்து வந்த மௌன ஜெபத்துல சர்ச்சே கப்சிப். இரைச்சல் எங்கியோ தூரத்துல இருந்துச்சு. பின்னால ஒரு புள்ள வீல்னு அழுதுச்சு. நீங்கெல்லாம் திரும்பி மொறைச்சீங்க. நான் ஒருத்திதான் "ஸ்தோத்திரம்!"னு கத்துனேன். அது எங்க பாப்பாங்க.

இரைச்சல் முழுசாப் போகல. அந்தப் புள்ளையோட மொத சிரிப்புச் சத்தம் எனக்குக் கெடைக்காமயே போச்சு. தறிக்குப் போற அம்மணிகளா, காதுக்கு அடைப்பு வெச்சுக்கோங்க. கஷ்டத்த உள்ளயே பூட்டி வெக்காதீங்க. ஆண்டவர்கிட்ட சொல்லுங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க. அவர் அவங்க கையப் புடிச்சுத்தான் உங்ககிட்ட வருவாரு.

நேத்து ஜெனி குளிக்கப் போறப்ப புள்ளைய என் மடியில போட்டுட்டு, "பாத்துக்கக்கா"ன்னு திரும்பிக்கூடப் பாக்காமப் போனா. இதுக்கு மேல எனக்கு என்னங்க வேணும்?