ஃபுனகி கழுவிய கலன்

செட்சுகோ ஃபுனகி கழுவிய கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள ஒரு வேதியியல் ஆய்வகத்தில் பேசிக்கொள்வார்கள். அவர் காதுபடத்தான் பேசுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே குடுவையும் கலனும் கழுவுகிறார். சுத்தம் என்றால் ஃபுனகி என்று வாங்கிய பேரைத் தவிர அவருக்குப் பெருமைப்பட வேறொன்றும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஹயசகா என்ற ஆராய்ச்சி மாணவி மீத்தேன் ஹைட்ரேட் உண்டாக்கப் படாத பாடு பட்டாள். கண்ணாடிச் சன்னல் வைத்த எஃகுக் கலனில் தண்ணீர் ஊற்றி, மீத்தேனை அழுத்தி ஏற்றிக் குளிரவைத்தால், பனிக்கட்டி போல வெள்ளையாகத் திரளவேண்டும். நாள்கணக்கில் காத்திருந்தாலும் லேசில் திரளாது. ஒருமுறை திரண்டு கரைந்த தண்ணீரை மறுபடி குளிரவைத்தால் சீக்கிரம் திரளும். தண்ணீருக்கும் ஞாபகம் உண்டு. அந்தத் தண்ணீரை ஃபுனகி விட்டுவைத்தால்தானே! வாயுவை இறக்கிவிட்டு மாணவி சாப்பிட்டு வருவதற்குள் கலன் பளபளவென்று கவிழ்ந்திருக்கும்.

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்?

"ஃபுனகிசான், உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? அப்படியே விட்டுடுங்களேன்" என்று குனிந்து வணங்கினாள் ஹயசகா.

எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று உருகிப்போன ஃபுனகி, அன்றிலிருந்து இரண்டு தடவை கழுவினார். 'கழுவத் தேவையில்லை, மிக்க நன்றி' என்று கலனில் சீட்டு ஒட்டினாள். சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஒட்டிய பசையையும் சுரண்டித் துடைத்தார்.

ஆய்வேடு கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது ஹயசகா உடைந்து அழுதுவிட்டாள்.

"நீங்க கழுவறதாலதான் வரமாட்டேங்குது, ஃபுனகிசான்!"

ஃபுனகிக்கு முகம் செத்துப்போனது. இத்தனை வருடம் தேய்த்ததெல்லாம் உபத்திரவம்தானா என்று அவமானமாக இருந்தது. அவமானம் போன கையோடு கோபம் வந்தது.

"ஏம்மா, இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன? வாயில மோச்சிக் கொழுக்கட்டையா அடைச்சு வெச்சிருந்தே?"

"இல்ல... மரியாதையா இருக்காதேன்னு..."

"நல்ல மரியாதை போ! ரெண்டு கலன் எடு. ஒண்ணுல திரண்டு கரைஞ்ச உன் பழைய தண்ணி. இன்னொண்ணை நான் கழுவறேன். பாத்துடலாம்."

பழைய தண்ணீர் நாற்பது நிமிடத்தில் வெள்ளையாகத் திரண்டது. ஹயசகா துள்ளிக் குதித்தாள். ஃபுனகி தாம் கழுவிய கலனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானமும் அதில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

"ரெண்டையும் ஏட்டுல போடப்போறேன்" என்றாள் ஹயசகா தயங்கித் தயங்கி. "நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரும் வரும்."

"நன்றியெல்லாம் எதுக்கு? இதோ, இந்த வராத கலனுக்கு நேரா எழுது, கழுவினது ஃபுனகின்னு. மூணு நாளா ஒரு பொட்டு ஒட்டலை பாரு. சும்மா வந்துடுமா இது?"