டெலிபோனில் ஓடிய எட்டு சிலிண்டர்

பழைய அமெரிக்கக் கார் திருத்துகிற தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான்: காருக்கு வாயில்லை, சொந்தக்காரருக்கு இருக்கிறது. பொனட்டுக்குள் தலையை விட்டபடி, பின்னால் நிற்பவரின் கதையை ஒரு தரமாவது கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

உங்களைச் சிரிக்க வைப்பேன், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. எங்கள் கராஜில் "வெள்ளிக்கிழமை தாறம்" என்றால், எந்த வெள்ளிக்கிழமை என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் அப்படியே பொறுமையாக இருங்கோ.

பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் கராஜ். முதலாளி தொத்தோ. கைத்தொழில்காரரை இங்கே மரியாதையாக 'மாஸ்த்ரு' என்பார்கள். அவர் மாஸ்த்ரு தொத்தோ. தகர வேலையும் பெயின்ற் வேலையும் மன்னார் அருளப்பு அண்ணை. பள்ளிக்கூடம் விட்டால் நான். எனக்குப் பதினாறு வயது, எந்தக் குரலையும் ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பிக் கதைப்பேன். இத்தாலியனில் நடந்த பேச்சையெல்லாம் எங்கடை தமிழிலேயே தாறன்.

எல்லாக் காரும் ஓடின பந்தயம்

எங்களிடம் வருகிற ஒவ்வொரு அமெரிக்கக் காரும் அறுபதுகளில் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓடியதாம். வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு ஊர்களுக்குள்ளால் போன பந்தயம் அது. எங்கள் கார்களின் நீளத்துக்கு அந்த வளைவுகளில் திரும்பினாலே புதுமை. "இவ்வளவு காரும் ஓடியிருந்தா, கடைசிக் கார் இன்னும் வந்துகொண்டிருக்கும்" என்பார் அருளப்பு அண்ணை.

கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் இருக்கிற பல் டாக்குத்தருக்கு ஒரு சிவப்புக் கார். அமெரிக்காவில் இருந்து திரும்பின மாமா ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. கதவின் சிவப்புக்குக் கீழே பந்தய இலக்கம் இருக்கிறது, பார்த்துச் சுரண்டுங்கோ என்றார். அண்ணை தண்ணி தொட்டுத் தொட்டு, குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி இரண்டு நாள் தேய்த்தார். முதலில் ஒரு வால் வந்தது. பிறகு செட்டை. கடைசியில் முழு மீன் ஒன்றும், 'தினமும் புதிய மீன்' என்ற எழுத்தும்.

டாக்குத்தர் மீனைப் பார்த்தார், மீன் டாக்குத்தரைப் பார்த்தது. அவர் அசையவில்லை.

"மீன் பழுதாக முதல் போய்ச் சேரவேணும் எண்டால், எவ்வளவு வேகமா ஓடியிருக்கும், யோசிச்சுப் பாருங்கோ!"

பாதரின் அழைப்பு

எதிரே இருக்கிற பாரில் ஒரு டெலிபோன். அங்கே நின்றால் கராஜின் கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரியும். கடவுள் எனக்காகவே செய்த இடம்.

ஒரு நாள் அங்கிருந்து கராஜ் டெலிபோனுக்கு அடித்து, எங்கள் பங்குப் பாதரின் குரலில் அருளப்பு அண்ணையைக் கூப்பிட்டு, "மகனே, மூன்று ஞாயிறாய்ப் பூசையிலே உங்களைக் காணேல்லையே" என்றேன். காருக்குக் கீழே படுத்திருந்த மனிசன் ஓடிவந்து, கிறீஸ் கையோடு நேராக நின்று, பாட்டுக் குழுவில் சேருவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு போய்ப் பாடவும் செய்தார். பாதரே பயந்துபோய் விசாரித்த பிறகுதான் விசயம் வெளித்தது.

"டேய், பாதர் என்னோடை இவ்வளவு மரியாதையாக் கதைக்கேக்கையே எனக்கு விளங்கியிருக்கவேணும்!"

மாஸ்த்ருவின் காது

மாஸ்த்ரு தொத்தோ கருவிகளை நம்பமாட்டார். நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். தூரத்து ஆட்கள் டெலிபோனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தாலே போதும், நோயைச் சொல்லிவிடுவார். சிசிலியில் தன்னைப் போல் ஒரு காது இல்லை என்பதும் அவரே சொன்னதுதான்.

அருளப்பு அண்ணைக்கு வருகிற திங்கட்கிழமை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாள். அந்த அனுமதி இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கேலாது. குவெஸ்தூராப் பொலிசுக்கு முதலாளியின் வேலைக் கடிதம் காட்டவேணும். எழுதின கடிதம் அண்ணையின் பொக்கற்றில் ஒரு மாதமாகக் கிடந்தது. மாஸ்த்ருவின் ஒப்பம் மட்டும்தான் பாக்கி. அதற்கு முதல் நாள் ஞாயிறு, பழைய கார்களெல்லாம் அந்த மலைப்பாதையில் ஏறுகிற ஊர்வலம். சிவப்புக் காரும் போகிறது. மாஸ்த்ருவின் தலைக்குள் வேறொன்றுக்கும் இடமில்லை.

"முதல்லை கார் மலை ஏறட்டும். ஏறாட்டிக் கராஜைப் பூட்டவேண்டியதுதான், பிறகென்ன வேலை, என்ன கடிதம்?"

சிவப்புக் காரின் இருமல்

வெள்ளிக்கிழமை, கார் வேலை முடிந்து மொண்டெல்லோவுக்குப் போய்விட்டது. மாஸ்த்ரு தன் காதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் அரித்தது. பாருக்குப் போனேன்.

முதலில் டாக்குத்தரின் மூக்குக் குரல்: "மாஸ்த்ரு, இதென்ன சத்தம்? கேளுங்கோ!" பிறகு எஞ்சின். எட்டு சிலிண்டரும் என் தொண்டையில்தான். ஒன்று மட்டும் இடையிடையே இருமும். பார்க்காரர் தண்ணிக் கிளாசோடு ஓடிவந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்த்ரு கண்ணை மூடி, "மூன்றாவது சிலிண்டர், வால்வு!" என்றார்.

இங்கேதான் சிரிப்பு வரவேணும், இல்லையா? நானும் சொல்லிச் சிரிக்கத்தான் தெருவைக் கடந்தேன். அதற்குள் அவர் ஸ்கூட்டரை எடுத்து, "ஏறு!" என்று என்னைப் பின்னால் இருத்திவிட்டார். மொண்டெல்லோ வரைக்கும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. அங்கே எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. ஆனால் மாஸ்த்ருவின் காது ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டதே! ஸ்குரூ டிரைவரை ஊன்றி, "கேக்குதோ டாக்குத்தர், மூன்றாவது?" என்றார். டெலிபோன் என்ற சொல்லை இரண்டு பேருமே எடுக்கவில்லை. தன் காரின் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று எந்தச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்வார்?

"கேக்காமல்? காலமை துவக்கம் கேக்குது. நான் இரண்டாவது எண்டெல்லோ நினைச்சன்!"

மூன்றாவது சிலிண்டர்

சனிக்கிழமை காலை கார் திரும்பவும் எங்கள் கராஜில் நின்றது, எஞ்சினின் தலை கழன்று மேசையில் கிடந்தது. அருளப்பு அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாயிருக்கும். "உன்ரை வாயாலை என்னை ஊருக்குக் கப்பல் ஏத்திப்போட்டாய்" என்றார், அவ்வளவுதான்.

மாஸ்த்ரு மூன்றாவதின் வால்வைக் கழற்றினார். பளபளவென்று இருந்தது. மற்ற வால்வுகளையும் பார்த்தார், அதுகளும் அப்படியே. ரயர் ஒன்றின் மேல் இருந்து கண்ணை மூடி, டெலிபோனில் கேட்ட சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, விரலால் மேசையில் தட்டினார். தட்டு, தட்டு, தட்டு. விரல் நின்றது. மறுபடி தட்டு, தட்டு. மறுபடி நின்றது. ஒரு கண் மட்டும் திறந்து என்னைப் பார்த்தது.

"எட்டு சிலிண்டரும் ஒண்டாச் சேந்து மூச்சு எடுத்தது..." என்றார் மெதுவாக. கை ஸ்பானரைத் தேடியது.

அருளப்பு அண்ணை எனக்கு முன்னால் வந்து நின்று, பொக்கற்றில் இருந்த கடதாசியை விரித்தார். "மாஸ்த்ரு, மத்தியானத்துக்குள்ளை நாங்கள் மூண்டு பேரும் எஞ்சினைத் திரும்பப் பூட்டிப்போடுவம். நாளைக்கு மலையிலை ஊரிலை உள்ள கராஜ்காரர் எல்லாரும் நிப்பினம். ஒரு பெடியன்ரை வாயைக் கேட்டு நீங்கள் எஞ்சின் கழட்டினதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

மாஸ்த்ரு அவரைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பேனை எங்கை?"

ஞாயிறு கார் மலை ஏறியது, திங்கள் அண்ணை குவெஸ்தூராவுக்கு நிமிர்ந்து நடந்து போனார், எனக்கும் ஒன்று விளங்கியது: எங்கள் தொழிலில் முழுசாகத் திருத்தக்கூடியது, இல்லாத பழுது மட்டும்தான்.