தாழ்வாக வந்த பந்து

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு அண்ணன்தான் எனக்குப் போன் செய்தார். எங்கள் காலத்தில் இந்தப் பக்கம் பேஸ்கட்பால் என்றால் அந்தப் போஸ்டரில் இருந்தவர்தான். ஆறடிக்கு மேல் உயரம். இடது கை ஆட்டக்காரர். பந்தைத் தலைக்கு மேலே ஒற்றைக் கையால் வளைத்துப் போடுவார். பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் நாங்கள், அது வலைக்குள் விழும் முன்பே கத்திவிடுவோம். நான் யாரோடும் பேசாத பிள்ளை. அந்தச் சுவர் மேல் ஏறினால் மட்டும் எனக்கும் தொண்டை திறக்கும்.

அதே டீமில் அண்ணனும் ஆடினார். எல்லோரையும் விட இளையவர். அந்த இடது கை ஆட்டக்காரருக்குப் பந்து எடுத்துக் கொடுப்பதே பாக்கியம் என்று இருந்தவர்.

அந்த வருடம் ஃபைனல் ஒரு வெளியூர்க் கம்பெனி டீமோடு. கடைசி நேரத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து அவர் கையில். கூடைக்கு அடியில் நிற்கிறார், மறிக்க ஆளில்லை. ஆனால் அவர் போடவில்லை. பக்கத்தில் ஓடி வந்த அண்ணனுக்குப் பாஸ் கொடுத்தார். பந்து அண்ணன் கையில் நிற்காமல் கோட்டுக்கு வெளியே உருண்டது. ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

தான் போட்டுப் பெயர் வாங்காமல் சின்னப் பையனுக்கு விட்டுக்கொடுத்தாரே, என்ன மனசு என்று ஊர் பேசியது. அண்ணனுக்கு ஓட்டைக்கை என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஓட்டைக்கை தங்கச்சி.

மறுநாள் காலையில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, அம்மா வைத்த இட்லியைச் சாப்பிட்டார். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணனின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"அவனத் திட்டாதீகம்மா. கை வழுக்குறது யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார்.

அந்தச் சொல்லை எங்கள் குடும்பம் இத்தனை வருடமும் போற்றி வைத்திருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியிலேயே அவருக்கு வேலை கிடைத்து மெட்ராஸ் போனார். எதிராளியே மெச்சிக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று எங்களுக்கெல்லாம் பெருமை. பிறகு மாநில டீமிலும் ஆடினார். பேப்பரில் படம் வந்தால் அண்ணன்தான் முதலில் வெட்டி எடுத்து வைப்பார்.

அண்ணன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. திருவிழாவில் எல்லோரும் பால்குடம் எடுக்கும்போது, இவர் ரோட்டில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போய்விடுவார். என் மகள் பிறந்தபோது தூக்கச் சொன்னேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மடியில் வாங்கினார்.

அஞ்சலிக் கூட்டத்தை அந்தப் பழைய பேஸ்கட்பால் கோர்ட்டிலேயே வைத்தார்கள். அண்ணன் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். படத்துக்குப் போட்டுவிட்டு என்னோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ரசிகர்கள் ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள். கடைசியாக, அவரோடு சேர்ந்து ஆடிய ஒருவர் எழுந்தார்.

"ஆளு போயிட்டான், இனிச் சொன்னா என்ன. ஃபைனலுக்கு முந்தி அந்தக் கம்பெனி டீம் மேனேசர் இவனக் கூப்பிட்டு, வேலை ஒனக்கு, கப்பு எங்களுக்குன்னுட்டாரு. இவன் வேணும்னே தப்பாப் போட்டா ஊரு விடுமா? பக்கத்துல வந்தவன் முட்டிக்குக் கீழ விட்டான் பாரு ஒரு பாஸ். பழி ஓட்டைக்கைக்கு, வேலை இவனுக்கு. ஆட்டத்துல மட்டுமா, மூளையிலயும் அவன் மன்னன்யா."

கூட்டம் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். எழுந்து ஏதாவது கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். படத்தில் அண்ணன் போட்ட மாலைதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட வாயால்தானே கை வழுக்கியது என்று சொன்னார் என்பதைத் தவிர வேறெதுவும் என் நினைவில் ஓடவில்லை.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். மைக்கில் பேசியவரே டம்ளரை அண்ணனிடம் நீட்டினார்.

"ஏ ஓட்டைக்கை, பாத்துப் பிடிப்பா. சூடு."

சுற்றி நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள். சற்று முன் கேட்டது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார்.

எங்கள் ஊர் நாச்சியாபுரம் போக திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினோம். பஸ் குன்றக்குடியைத் தாண்டியது. அண்ணன் கேட்டார்.

"நீ செவுத்து மேலதான இருந்த. அந்தப் பந்து தாழ்வாவா வந்துச்சு?"

நான் பந்தைப் பார்க்கவில்லை. சுவர் மேல் இருந்த எல்லோரையும் போல நானும் பாஸ் கொடுத்தவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எழுந்தபோது பந்து ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தது. ஆனால் அதை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை.

"ரொம்பத் தாழ்வாண்ணே" என்றேன். "ஆரும் பிடிச்சிருக்க முடியாது."

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்லத்தா" என்றார்.

ஊர் வந்து இறங்கும் வரை ஜன்னல் பக்கமாகவே திரும்பி இருந்தார்.